ஒன்பது மணிக்கு மேல் ஏறிய சுருதி

வளர்ந்து என் சட்டை அளவைத் தாண்டிவிட்ட என் மகனுக்கு,

பம்பாயிலிருந்து நீ போட்ட கடிதம் முந்தாநாள் வந்தது. உன் அம்மா வழக்கம்போல அதைப் பிரித்துப் படித்துவிட்டு, பிரிக்காத மாதிரி சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி என்னிடம் கொடுத்தாள். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால்தான் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தாய், சரி. பட்டு வேட்டி வேண்டாம், சாதா வேட்டி போதும் என்று எழுதியிருந்தாய், அதை அம்மா பார்த்துக்கொள்வாள், அதாவது பட்டு வேட்டிதான். ஆனால் கடைசியில் போகிற போக்கில் மூன்று வரி எழுதியிருந்தாய் பார், அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வரவேற்பில் என் பழைய இசைக்குழு வாசிக்க வேண்டும், வள்ளியின் அப்பா பாட வேண்டும், அது வள்ளியின் ஆசை. நீ கேட்டபோது அவர் "தொண்டை போச்சு மாப்ளே" என்று சிரித்து மழுப்பிவிட்டார். நான் அவருடைய சிநேகிதன், நான் சொன்னால் கேட்பார். இதுதானே நீ எழுதியது? தம்பி, தாமோதரனுக்குத் தொண்டை போகவில்லை. என்றைக்குமே போகவில்லை. அது எனக்கு ஏழு வருஷத்துக்கு மேலாகத் தெரியும். அந்த மனுஷர் இன்னும் மூன்று வாரத்தில் உனக்கு மாமனார் ஆகப்போகிறார் என்பதால் நடந்ததை முழுக்க என் கையாலேயே எழுதிவிடுகிறேன்.

மின்னல் மெல்லிசைக் குழு பிறந்தபோது நீ அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்தாய். நான் கிண்டித் தொழிற்பேட்டையில் மின்சார மீட்டர் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். அங்கே கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களைக் கேட்டு வாங்கிவந்து, மயிலாப்பூரில் நாம் குடியிருந்த ஒண்டுக்குடித்தனத்தின் சமையலறை வாசலில் உட்கார்ந்து, தானாகவே சத்தம் போடும் ஒரு பெட்டியைச் செய்தேன். பியானோவுக்கு இருப்பது போன்ற கட்டைகளுக்கு நான் எங்கே போவேன்? அதனால் காலிங்பெல் சுவிட்சு இருபத்தைந்து வாங்கினேன். கடைக்காரர் மரியாதையாக எழுந்து நின்று, "எத்தனை வீடு சார் கட்டறீங்க?" என்று கேட்டார். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு ஸ்வரம். சுருதி சேர்க்கத் திருப்புளியால் இருபத்தைந்து இடத்தில் திருக வேண்டும். பெட்டிக்கு மேல்கூடாக உன் அம்மாவின் தையல் மிஷின் மூடி கச்சிதமாகப் பொருந்தியது. "மிஷினுக்கு மூடி எங்கேங்க?" என்றாள். சங்கீதத்துக்குப் போயிருக்கிறது என்றேன். "சங்கீதம் ரவிக்கை தைக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கல்யாணமாகப் போகிறவனுக்கு முதல் புத்தி இது: மனைவியின் சாமானை எடுப்பதற்கு முன்னால் கேள், எடுத்த பிறகு விளக்கம் சொல்லாதே.

தாமோதரனை நான் கண்டுபிடித்ததும் அந்தப் பெட்டியால்தான். உள்ளே பாகங்களைப் பொருத்த ஒரு அலுமினியத் தட்டு தேவைப்பட்டது. தி.நகரில் அவருடைய பாத்திரக்கடைக்குப் போனேன். அவர் ஒரு அம்மாளுக்குக் குடம் விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குடமாக விரலால் தட்டி, அந்தச் சத்தத்தோடு சேர்த்துத் தானும் ஒரு இழுப்பு இழுத்து, "இது ரெண்டு கட்டை. இதுல தண்ணி மோந்தா வீடே நெறைஞ்சிருக்கும் பாத்துக்கிடுங்க" என்றார். அந்த அம்மாள் குடம் வாங்க வந்தவள், அண்டாவும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனாள். இவர்தான் நம்ம ஆள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தது. சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். என் பெட்டியை முதலில் கேட்டுவிட்டு, "என்னவே இது, பூனைக்குப் பல்வலி வந்த மாதிரி கெடக்கு. ஆனா விடும், நான் பாடுதேன், அது பாட்டுக்குக் கத்தட்டும்" என்றார். அன்றைக்கு அவன் இவன் என்றுதான் அவரைப் பற்றி வீட்டில் பேசுவேன். இப்போது சம்பந்தி என்பதால் அவர், இவர் என்று எழுதிப் பழகிக்கொள்கிறேன். மூன்றாவது ஆள் ஏழுமலை, உனக்குத் தெரியும். என் கம்பெனியில் ஃபிட்டர், சைதாப்பேட்டைக்காரன், இரண்டு கையால் எதைத் தட்டினாலும் தாளமாக்கிவிடுவான்.

அந்தக் காலத்தில் கல்யாண வரவேற்பு என்றால் மெல்லிசைக்காரர்கள் சினிமாப் பாட்டுத்தான் பாட வேண்டும். கேட்கிறவர்கள் துண்டுச் சீட்டில் பாட்டுப் பெயரை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். தாமோதரன் ஒவ்வொரு சீட்டையும் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கி, "கண்டிப்பா, கண்டிப்பா" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தான் எழுதிய பாட்டையே பாடுவார். சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்றுபோன பஸ்ஸைப் பற்றி ஒரு பாட்டு, ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மனைவியைத் தொலைத்தவனைப் பற்றி ஒரு பாட்டு. பத்துப் பாட்டு முடிவதற்குள் பை புடைத்துவிடும். யாருக்கும் கோபம் வராது, ஏனென்றால் குரல் அப்படி. என் பெட்டி ஆரம்பத்தில் பின்னால் "ங்ங்" என்று சுருதி மட்டும் போட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொசு என்று நினைத்துக் காதருகே தட்டிக்கொண்டார்கள். பிறகு இரண்டு கண்டென்சரை மாற்றினேன், ஜலதோஷம் பிடித்த நாகஸ்வரம் மாதிரி ஆயிற்று. அதிலேயே எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. முதல் சில கச்சேரிகளுக்கு ஆர்மோனியம் வாசிக்க ஒரு பெரியவர் வந்துகொண்டிருந்தார். அவர் ஒருநாள், "சார், உங்க பெட்டி ஆரம்பத்துல ஒரு பேச்சு பேசறது, முடியறப்போ ஒரு பேச்சு பேசறது" என்றார். பொறாமை என்று முடிவுகட்டி, அடுத்த கச்சேரியிலிருந்து அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன். அதோடு மேடையில் என் பெட்டியை எதிர்த்துப் பேச இன்னொரு வாத்தியம் இல்லாமல் போயிற்று.

மயிலாப்பூரில் ஒரு வரவேற்பில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், நீதான் வயர் தூக்கிக்கொண்டு வந்தாய். தாமோதரன் ஒரு காதல் பாட்டின் நடுவில் உருகி நின்றபோது, பெட்டியிலிருந்து ஒரு கனத்த ஆண்குரல், "நெற்பயிரைத் தாக்கும் தண்டுத் துளைப்பானைக் கட்டுப்படுத்த" என்று ஆரம்பித்தது. எந்த வயர் எப்படி ரேடியோவைப் பிடித்ததோ தெரியாது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இன்னா சார், பொட்டி வெவசாயம் பண்ணுது!" என்றான் ஏழுமலை. நிறுத்து என்றேன். "நீ கம்முனு இரு, நான் பாத்துக்கறேன்" என்று அந்தப் பேச்சுக்கே தாளம் போட ஆரம்பித்துவிட்டான். தாமோதரனும் சளைக்காமல், மருந்தடிக்கும் அளவு வரைக்கும் கூடவே ராகமாக இழுத்தார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக் கை தட்டியது. புதுமாதிரி இசை என்று அடையாற்றிலிருந்து ஒருவர் வந்து தன் பெண் கல்யாணத்துக்கும் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டார். எங்கள் இசை வளர்ந்த விதம் இப்படித்தான். ஏதாவது கெட்டுப்போகும், அதற்கு நாங்கள் ஒரு பெயர் வைப்போம்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி. நான்காவது வருஷத்தில் தாமோதரனுக்கு ஒரு சங்கடம் வந்தது. கச்சேரியின் பின்பாதியில் மேல் ஸ்தாயி எட்டவில்லை. முதல் ஒரு மணி நேரம் அருமையாகப் பாடுவார், ஒன்பது மணிக்கு மேல் திணறுவார். வயசாகிறது என்று நினைத்தார். வெற்றிலையை விட்டார், ஐஸ் தண்ணியை விட்டார், மிளகுப் பால், அதிமதுரம், சித்தரத்தை என்று கடையில் ஒரு தனி அலமாரியே வைத்தார். டாக்டர் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். இவருக்கு வைத்தியம் தெரியவில்லை என்று வேறு டாக்டரிடம் போனார், அவரும் அதையே சொன்னார். கத்திரி வெயிலில் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு குடம் விற்றார். உண்மையைக் கண்டுபிடித்தவன் ஏழுமலை. தி.நகரில் ஒரு கச்சேரியில் தாளத்தை விடாமலே என் பக்கம் குனிந்து, "சார், மேல அந்த குண்டு பல்பைப் பாரு. கடைங்கோ மூட்ன உடனே பளிச்சுனு ஆவுது. அப்பத்தான் உன் பொட்டி மேல ஏறுது. அண்ணாத்த தொண்டைல ஒண்ணும் இல்ல, எல்லாம் கரண்ட்டுலதான் கீது" என்றான். அடுத்த கச்சேரிக்கு கம்பெனியிலிருந்து வோல்ட் மீட்டரைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் மறைத்துவைத்துப் பார்த்தேன். ஏழுமலை சொன்னது அப்பட்டமான உண்மை. ஒன்பது மணிக்குக் கடைத்தெரு முழுக்க விளக்கும் விசிறியும் அணையும், மின்சாரம் ஏறும், அதோடு என் இருபத்தைந்து ஸ்வரங்களும் சேர்ந்து ஏறும். பாவம், அந்த மனுஷர் ஏறிப்போன சுருதியைத் துரத்திக்கொண்டு பாடியிருக்கிறார்.

மீட்டரைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். மின்சாரம் ஏறி இறங்கும் என்று தெரியாமல் ஒரு பெட்டியைச் செய்தேன் என்பதை எப்படி வெளியே சொல்வது? அந்தச் சமயம்தான் என்னை விஞ்ஞானி என்று இரண்டு பேர் மேடையில் புகழ்ந்திருந்தார்கள். சத்தமில்லாமல் பெட்டியைச் சரிசெய்துவிடலாம், சொல்லாமலே விஷயம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது தாமோதரன் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ளதைச் சொல்லும்வே, என் பாட்டு எறங்கிட்டா?" என்று கேட்டார். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் இருந்திருக்க முடியாது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தொண்டையைக் கொஞ்சம் பார்த்துக்கோ தாமோதரா" என்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் தலையாட்டிவிட்டுப் போய் இன்னொரு வேளை மிளகுப் பால் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த மாசம் தி.நகரில் அவருடைய சொந்தக்காரர் வீட்டு வரவேற்பு. ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும், நம்ம தாமோதரன் பாடுகிறான் என்று ஆசையாக வந்து உட்கார்ந்தார்கள். அத்தனை கடையும் மூடினால் சுருதி எங்கே போகும் என்று யோசித்துப் பார். முன்வரிசையில் வள்ளி, பதிமூன்று வயசு, புதுப் பாவாடை தாவணி. சரணத்தில் மேலே போனபோது குரல் இரண்டாகக் கிழிந்தது. திரும்பப் பாடினார், திரும்பவும் கிழிந்தது. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அவர் மைக்கை ஸ்டாண்டில் பத்திரமாக மாட்டி, "மன்னிக்கணும், தொண்டை சரியில்லே" என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். வள்ளி எழுந்து அவர் பின்னாலேயே ஓடினாள். நான் சுவிட்சுகளின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதோடு அவர் பாடுவதை விட்டுவிட்டார்.

அடுத்த வாரமே ஒரு கார் பாட்டரி வாங்கிப் பெட்டியை அதில் ஓட்டினேன். சுருதி கல்லு மாதிரி நின்றது. ஒரே ஒரு வாரம் முன்னால் அதைச் செய்திருக்கலாம். பாட ஆள் இல்லாததால் பாட்டையும் பெட்டியே வாசிக்க ஆரம்பித்தது, அதில்தான் எங்களுக்குப் பேர் வந்தது. பாடும் பெட்டி என்றார்கள். அடையாற்றில் ஒரு கல்லூரி விழாவில் பையன்கள் நாற்காலி மேல் ஏறி நின்று கேட்டார்கள். கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் வந்து, பேய் வருகிற காட்சிக்கு என் பெட்டியின் சத்தத்தைப் பதிவுசெய்துகொண்டு போனார். படம் வரவில்லை, பேயும் வரவில்லை. நான் வாசித்தது முழுக்க தாமோதரன் போட்ட மெட்டு. ஒவ்வொரு கச்சேரி முடிந்ததும் ஏழுமலை வயரைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணாத்தகிட்ட சொல்ட்டியா சார்?" என்பான். நாளைக்கு என்பேன். "இன்னா சார், நாளைக்கு நாளைக்குனு சொல்லிக்கினே கீற" என்பான். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டான், அது கேட்டதைவிட மோசமாக இருந்தது. கடையில் வாங்கின வெளிநாட்டு ஆர்கனோடு புதுப் பையன்கள் வந்தார்கள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் குழுவும் கலைந்தது. தாமோதரனோ ஒரு தீபாவளிக்கும் நம் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. தன் பெண்ணையே உனக்குக் கொடுக்கச் சம்மதித்தார். இப்படிப்பட்டவரிடம் போய், நீ பாடு என்று எந்த முகத்தோடு கேட்பேன்?

இதுவரை எழுதிவிட்டுக் கடிதத்தை மடித்து உறையில் போட்டேன். உனக்குச் சொல்லிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது அதைவிடக் கேவலம் என்று தோன்றியது. உறையை ஒட்டாமல் வைத்துவிட்டு, நேற்று மத்தியானம் தி.நகர் போனேன். கடையில் அவர் வள்ளியின் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயர் வெட்டுகிறவர் ஒரு எவர்சில்வர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, சின்ன உளியால் டொக் டொக்கென்று புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். வள்ளியின் பெயர் முடிந்து, உன் பெயரில் இரண்டு எழுத்து வந்திருந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தாமோதரன் கையை உயர்த்தி, "ஏ, நிறுத்துடே" என்றார். உளி நின்றது.

"அப்பம் ஒம்பது மணிக்கு மேல நான் பாடினதெல்லாம்?" என்றார். நீ சரியாகத்தான் பாடினாய், பெட்டிதான் ஏறிவிட்டது என்றேன். "ஒம்பதுக்கு முன்னயும் ரெண்டு மூணு எடத்துல தட்டுச்சே?" என்றார். அது நீதான் என்றேன், பொய்யே சொல்லக்கூடாது என்ற வைராக்கியத்தில். பெயர் வெட்டுகிறவர் சிரித்துவிட்டு, குடத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். "ஏழு வருசம் மொளகுப் பால் குடிச்சிருக்கேன்வே! ஒரு ஐஸ்கிரீம் தின்னதில்ல! வெயில்ல மப்ளரக் கட்டிக்கிட்டு நின்னேன், தெருவே சிரிச்சுச்சு!" என்று கத்தினார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு அவர் குரல் இறங்கியது. "சொல்லணும்னு ஒரு நாளாவது உமக்குத் தோணலியா?" தினமும் தோன்றியது என்றேன். "தெனமும் தோணியுமா சொல்லல? தோணாமலே இருந்திருந்தா, மடையன்னு நெனச்சு விட்டிருப்பேன்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உளி பிடித்தவர் மெதுவாக, "மொதலாளி, வெட்டவா, வேணாமா?" என்றார். தாமோதரன் என்னையே பார்த்தார். "அன்னைக்கு என்கூட கடை வச்சிருக்கவன் அம்புட்டுப் பேரும் முன்னால உக்காந்திருந்தான். எம் புள்ள உக்காந்திருந்தா. மறுநாள் காலைல கடையத் தொறக்க எனக்கு எப்படி இருந்திருக்கும்னு உமக்குத் தெரியாது. அந்த ஆளுகள்லாம் கல்யாணத்துக்கு வாராங்க. எங்கிட்ட ரகசியமாச் சொன்னா ஆச்சா? மைக்கைப் பிடிச்சு, அவங்க முன்னால சொல்லும்." மாப்பிள்ளையின் அப்பா வரவேற்பு மேடையில் ஏறி நின்று, நான் ஏழு வருஷம் பொய் சொன்னவன் என்று சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து உறவும் சந்தனமும் ரோஜாவுமாக உட்கார்ந்து கேட்கும். சொல்கிறேன் என்றேன். சொன்னால் பாடுவாயா என்று கேட்டேன். "நீரு மொதல்ல சொல்லி முடியும். அப்புறம் பாடுதேன்" என்றார். சட்டைப்பையிலிருந்து தன் கைக்குட்டையை எடுத்து எனக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, "வெட்டுடே" என்றார். உன் பெயரின் மூன்றாவது எழுத்து ஆரம்பித்த சத்தம் மாதிரி ஒரு சங்கீதத்தை நான் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "இதை எங்கிட்டகூட மறைச்சீங்களா?" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. காப்பி மட்டும் வரவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இருந்தாலும் அப்பன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். உன் பக்கத்துத் தப்புக்கு வள்ளி தன்னையே நொந்துகொள்கிற மாதிரி ஒரு நேரம் வரும். எல்லா வீட்டிலும் வரும். அப்போது அவளுக்கு மிளகுப் பால் போட்டுக் கொடுக்காதே. உண்மையைச் சொல்லிவிடு, அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இன்னும் கஷ்டமாகிவிடுகிறது. நான் தள்ளித் தள்ளியே ஒரு மனுஷருடைய ஏழு வருஷப் பாட்டைத் தின்றுவிட்டேன்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி கேட்க வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான் என்று வைத்துக்கொள். எனக்கு மைக் பிடித்துப் பழக்கமில்லை. இத்தனை வருஷமும் பெட்டிக்குப் பின்னாலேயே உட்கார்ந்து காலம் தள்ளிவிட்டேன். அன்றைக்கு நான் எழுந்தவுடன் நீ மாலையோடு வந்து என் பக்கத்தில் நின்றுகொள். பேச வேண்டாம், சும்மா நில். எனக்கு என்னைத் தெரியும். இரண்டு வாக்கியம் பேசுவேன், தாமோதரன் நல்லவர் என்பேன், பிறகு அத்தனை முகத்தையும் பார்த்துவிட்டு, பந்தி தயார், எல்லோரும் சாப்பிட வாருங்கள் என்று முடித்துவிடப் பார்ப்பேன். அப்படி நான் வாயெடுத்தால் தயவுதாட்சண்யம் பார்க்காதே. மைக்கை என் கையிலிருந்து வாங்கி, மீதியை நீ சொல்லிவிடு. இப்போது உனக்கும் எல்லாம் தெரியுமே.

இப்படிக்கு,
உன் அப்பா